அரண்மனையில் சட்டி கழுவுவது யார்?

"இவ்வளவு ஆக்குறாங்களே, இந்தச் சட்டியெல்லாம் ஆரு கழுவுற?"

கொரிய நாடகம் தொடங்கிய முதல் வாரத்தில் ஜெஸீமா கேட்ட கேள்வி இது. திரையில் அரசருக்குச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. பட்டுப் பாவாடை கட்டிய பெண்கள் தலைகுனிந்து வரிசையாக நடந்தார்கள். ஆளுக்கொரு குட்டி மேசை கையில். மேசை நிறையக் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. மகள் மின்ஹா கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த அடுத்த வீட்டுப் புஷ்பம்தான் பதில் சொன்னாள்.

"ராஜா வீட்டுல ஆளா இல்ல? எவளாவது கழுவுவா. நீங்க கதையப் பாருங்க ஜெஸீமா."

ஜெஸீமா கதையைப் பார்த்தாள். ஆனால் கண் மட்டும் கதைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

அவளைக் குறை சொல்ல முடியாது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் கழுவுவது எல்லாம் பெரிய சட்டிகள்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட அவள் கணவர் றவூபுக்கு ஒரு கடை இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் கல்யாணம், கந்தூரி எது நடந்தாலும் சட்டி, சாமான், கதிரை எல்லாம் வாடகைக்குப் போவது அங்கிருந்துதான். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் அகன்ற சஹன்கள், ஊருக்கே சோறு வேகக்கூடிய கிடாரங்கள், ஆள் உயர அகப்பைகள். விருந்து முடிந்த மறுநாள் அவை லொறியில் திரும்பி வரும். கொண்டு வருகிறவர்கள் "எல்லாம் கழுவித்தான் ஈக்குது" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போவார்கள். தண்ணீரைக் காட்டிவிட்டு எடுத்ததைத்தான் அவர்கள் கழுவியது என்று சொல்கிறார்கள் என்பது ஜெஸீமாவுக்குத் தெரியும்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. வீட்டுக்குப் பின்னால் பைப்படி. சாம்பல், தேங்காய்ப் பொச்சு, பிழிந்து முடிந்த தேசிக்காய்த் தோல், இவைதான் அவளுடைய ஆயுதங்கள். கிடாரத்தைச் சரித்துப் போட்டு, தோள் வரைக்கும் உள்ளே நுழைந்து தேய்ப்பாள். உள்ளே இருந்து பேசினால் குரல் பெரிதாகிக் கேட்கும். தனியாக இருக்கும்போது அவள் சட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு மாமியாரை ஏசிய காலமும் உண்டு. மாமியார் மௌத்தாகிவிட்ட பிறகு ஏச ஆளில்லாமல் பைத்துப் பாட்டு முணுமுணுக்கிறாள்.

கழுவிக் கழுவி அவளுக்குச் சட்டிகளோடு ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. சட்டியின் அடியைப் பார்த்தால் அங்கே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவாள். ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால் காற்றடிக்கும் முற்றத்தில் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். நடுவில் வட்டமாகக் கருகியிருந்தால் சமைக்க வந்த பண்டாரி வெற்றிலை போடப் போய்விட்டார். கிடாரங்களுக்கெல்லாம் பெயரும் வைத்திருந்தாள். கம்பளையில் வாங்கியது கம்பளைக்காரி. வயிறு பெருத்தது குண்டு. எல்லாவற்றிலும் அழகானது, வெள்ளி மாதிரி பளபளப்பது, எந்த விருந்துக்குப் போனாலும் அடியில் ஒரு கருக்கல்கூட இல்லாமல் திரும்பி வருவது, மாப்பிள்ளை.

"இந்தச் சட்டியப் போல ஒரு சட்டி ஊர்லயே இல்ல" என்று அவள் மாப்பிள்ளையைத் துடைக்கும்போதெல்லாம் சொல்வாள். அதில் அடிப்பிடிக்கவே பிடிக்காது என்பது அவளுடைய முடிவு.

இத்தனை தெரிந்தும் அவள் ஒரு நாளும் கிடாரத்தில் சமைத்ததில்லை. சமைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விருந்து என்றால் விறகும் கிடாரமும் அகப்பையும் ஆண்கள் பக்கம். பண்டாரி வருவார், கூட இரண்டு ஆண்கள் வருவார்கள். வெங்காயம் உரிப்பது, பூண்டு இடிப்பது, கடைசியில் கழுவுவது பெண்கள் பக்கம். அப்படித்தான் இருந்தது. ஏன் அப்படி என்று ஜெஸீமா கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே தோன்றவில்லை. கொரியாக்காரிகள் வரும் வரைக்கும் தோன்றவில்லை.

நாடகம் சிங்களத்தில் பேசியது. மஃரிப் தொழுது முடித்துப் பாயை மடித்து வைக்கவும், புஷ்பம் வாசலில் செருப்பைக் கழற்றவும், பாட்டுத் தொடங்கவும் சரியாக இருக்கும். புஷ்பத்தின் கணவர் மாநகர சபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அந்த நேரத்தில் செய்தி வேண்டும். புஷ்பத்துக்கு நாடகம் வேண்டும். ஆகவே அவள் ஒவ்வொரு நாளும் வேலியைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்தாள். இரண்டு பேருக்கும் சந்தைச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அரண்மனைக்காரர்கள் பேசிய சிங்களம் பன்சலையில் பிக்கு சொல்லும் பண உபதேசம் கேட்பது போல இருந்தது. பாதி விளங்கும், மீதியை மின்ஹாவிடம் கேட்பார்கள். அவள் பேராதனையில் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். "ஐயோ உம்மா, அவ மன்னிப்புக் கேக்குறா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

பெயர்கள் நாக்கில் நிற்காததால் அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். சமையலறைத் தலைவி 'பெரிய மாமி'. கதாநாயகி 'சின்னக்குட்டி'. அவளைக் கண்டால் ஆகாதவள் 'கொண்டைக்காரி'. சின்னக்குட்டி செய்த சூப்பில் கொண்டைக்காரி உப்பை அள்ளிப் போட்ட நாளில் புஷ்பம் எழுந்து நின்றுவிட்டாள்.

"பாத்தீங்களா அவ வேலய. இவளயெல்லாம் வீட்டுக்குள்ள சேத்ததே தப்பு."

"இருங்க புஷ்பக்கா. பின்னால பாருங்க."

"பின்னால என்னா?"

"சட்டி கழுவுற."

உண்மைதான். சின்னக்குட்டி கண்ணீர் விடும் காட்சியில், அவளுடைய தோளுக்குப் பின்னால், தூண் ஓரமாக ஒருத்தி குந்தியிருந்து இரும்புச் சட்டி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வட்ட முகம், அகன்ற நெற்றி. ஜெஸீமா தேடியது கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பார்த்தது வேறு நாடகம். பெரிய மாமி அரசியிடம் திட்டு வாங்கினால் இவள் வட்ட முகக்காரியைத் தேடினாள். அவள் ஒரு நாள் தண்ணீர் சுமந்தாள். ஒரு நாள் கீரை ஆய்ந்தாள். பல நாள் சட்டி கழுவினாள். ஒரு வசனம் கிடையாது. "சுத்திச் சுத்தித் தேய்க்கிறா, அப்பிடித் தேச்சா கை போயிடும்" என்று ஜெஸீமா கவலைப்பட்டாள்.

கடையை அடைத்துவிட்டு வரும் றவூப் முதலில் இதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் தேத்தண்ணீர் கோப்பையோடு வந்து நின்றவர், நின்றபடியே இருந்துவிட்டார்.

"அந்தச் சட்டி வார்ப்பு இரும்பு" என்றார்.

"அப்பிடியா?"

"மூடிதான் மரம். பிழை. மரம் வெடிச்சிடும். வாடகைக்குக் குடுக்க ஏலாது."

மறுநாள் அவர் கொஞ்சம் வெள்ளனவே கடையை அடைத்தார். அதற்கு மறுநாள் புஷ்பத்துக்கு முன்னால் வந்து கதிரையைப் பிடித்தார். அரசருடைய வழக்கு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அடுப்புக்கட்டு, சட்டி, விறகு, இவை மட்டும் போதும்.

பிறகு ஒரு நாள் அது நடந்தது. அரசியின் பிறந்தநாள் விருந்து. முற்றம் முழுக்கக் கிடாரங்கள், புகை, ஓட்டம். ஜெஸீமா தூண் ஓரத்தைப் பார்த்தாள். வட்ட முகக்காரி அங்கே இல்லை. சட்டி கழுவும் இடத்திலும் இல்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா? கமெரா மெதுவாகத் திரும்பியது. முற்றத்தின் கோடியில், எல்லாவற்றிலும் பெரிய கிடாரத்தின் முன்னால், கையில் நீளமான அகப்பையோடு அவள் நின்றாள். ஆவியில் முகம் நனைந்திருந்தது. ஒரே கிண்டு, அவ்வளவுதான். அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

"கண்டீங்களா? அவளுக்கு ஒசத்திக் குடுத்தீக்கிறாங்க" என்றாள் ஜெஸீமா.

"எவளுக்கு?" என்றாள் புஷ்பம்.

"சட்டி கழுவினவளுக்கு. இப்ப அவ ஆக்குற."

மின்ஹா சிரித்துவிட்டாள். "உம்மா, அது சும்மா கூட்டத்துல நிக்கிற ஆள். ஆள் காணாத நேரம் இங்க நில்லு அங்க நில்லு எண்டு நிப்பாட்டுவாங்க. ஒசத்திக் குடுக்கவும் இல்ல, ஒண்டும் இல்ல."

"நீ பாத்தியா அவ கிண்டின விதத்த? புதுசா வந்தவ அப்பிடிக் கிண்டுவாளா?"

கமெராவுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றி மின்ஹா படித்திருந்தாள். கமெராவுக்கு முன்னால் பின்வரிசையில் நிற்பவளைப் பற்றி யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? தான் சொன்னது சரிதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் உம்மாவின் முகத்தைப் பார்த்தபோது அதை இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம்தான் மின்ஹாவின் பட்டமளிப்பு. குடும்பத்தில் முதல் பட்டம். அதற்கு ஒரு சாப்பாடு கொடுப்பதென்று றவூப் முன்பே சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, பத்து சஹன். பண்டாரி அரூஸிடம் பேசியாகிவிட்டது.

"அரூஸ் நானாவ ஆக்க வரவேணாம் எண்டு செல்லுங்க" என்றாள் ஜெஸீமா. றவூப் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன், அவர்ட என்ன பிழ?"

"பிழ இல்ல. நான் ஆக்குறேன்."

"வீட்டுச் சட்டியிலயா?"

"கிடாரத்துல."

றவூப் அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஊர் என்ன செல்லும், தெரியுமா? சட்டி வாடகைக்குக் குடுக்குறவன் பண்டாரி வைக்க மனசில்லாம பொஞ்சாதிய அடுப்புல வெச்சிட்டான் எண்டு செல்லும்."

"செல்லட்டும். சாப்புட்டுட்டுச் செல்லட்டும்."

"சோறு கெட்டா?"

"அத நான்தானே கழுவப்போறேன்."

உண்மையில் றவூபுக்கும் நாடகத்தில் பார்த்த அந்தக் கிண்டு பிடித்திருந்தது. "கெட்டுப்போனா கடைச் சோறு எடுப்போம்" என்று முணுமுணுத்துக்கொண்டு படுக்கப் போனார். மறுநாள் அரூஸிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அரூஸ் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ பெரிதாகச் சிரித்தார்.

"அப்ப நான் சாப்புட ஆளா வரவா? நல்லம். பண்டாரி ஆகின நாள்ல இருந்து நான் முதல் சஹன்ல இருந்ததே இல்ல. தங்கச்சிட்ட செல்லுங்க, உப்பப் பாத்துப் போடச் செல்லி."

விஷயம் ஜெஸீமாவுக்கு வந்து சேர்ந்தது. இதை ஆசை என்று அவள் நினைத்திருந்தாள். இனிமேல் இது மானப் பிரச்சினை. அரூஸ் முதல் சஹனில் இருந்துகொண்டு முதல் பிடியை வாயில் வைக்கப்போகிறார்.

ஞாயிறு விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் அடுப்பு மூட்டப்பட்டது. ஹந்தானைப் பக்கம் மலை இன்னும் பனியில் இருந்தது. புஷ்பம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். மாடு வேண்டாம், கோழி போதும் என்று ஜெஸீமா முடிவு செய்தது புஷ்பத்துக்காகத்தான். அதை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கோழிக் கறிக்குக் கம்பளைக்காரி. நெய்ச்சோற்றுக்கு எது என்பதில் ஜெஸீமாவுக்கு இரண்டாம் யோசனை கிடையாது. மாப்பிள்ளையை இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி அடுப்பில் வைத்தார்கள்.

"என்னா மினுக்கு. மூஞ்சி பாக்கலாம் போல" என்றாள் புஷ்பம்.

"நல்ல நாளைக்கு நல்ல சட்டி."

முதலில் கோழி. கம்பளைக்காரி சொன்ன பேச்சுக் கேட்டாள். தாளித்த ரம்பையும் கறுவாவும் மணந்தபோது வேலிக்கு அப்பால் புஷ்பத்தின் கணவர் செய்தியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பிறகு நெய், வெங்காயம், ஏலம். அரிசி விழுந்தது. அகப்பை கனத்தது. தொலைக்காட்சியில் ஒரே கிண்டாக இருந்தது, நேரில் முதுகு, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து கிண்ட வேண்டியிருந்தது. ஆவி முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. வாயில் சிரிப்பு நிற்கவில்லை.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"தெரியல்ல புஷ்பக்கா."

தண்ணீர் வற்றியதும் மூடி போட்டுத் தணலை மூடிமேல் அள்ளி வைத்துவிட்டு அவள் சற்று இருந்தாள். லுஹர் பாங்கு சொல்லி ஆட்கள் பள்ளியிலிருந்து வரத் தொடங்கினார்கள். மின்ஹாவின் பல்கலைக்கழகத் தோழிகள் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்கள். அரூஸ் வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியுமாக, விருந்தாளியாக, கையை வீசிக்கொண்டு வந்தார். ஆனால் கால் பழக்கத்தில் நேராக முற்றத்துக்கு வந்துவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்..."

அவர் கிடாரத்தைப் பார்த்தார்.

"இதுலயா சோறு போட்டீக்கிறீங்க?"

"ஓ. ஏன்?"

"இது அடி மெலிசுச் சட்டி. இதுல நாங்க ஒரு நாளும் சோறு வைக்கிறல்ல. சர்பத்துக் கலக்குவோம். கை கழுவத் தண்ணி வைப்போம். அதுக்குத்தான் எடுக்குற."

ஜெஸீமாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது காது இரண்டும் சூடாகின. இத்தனை வருடமும் அது கருகாமல் வந்தது அடுப்பில் ஏறாததால். அவள் கழுவியது எல்லாம் சர்பத்து. அதே நேரம் மெல்ல ஒரு வாடை மூக்கில் ஏறியது. அவள் அதை நன்றாக அறிவாள். மறுநாள் பைப்படியில் வரும் வாடை.

"மாப்பிள்ளன்னு பேர் வெச்சது சரிதான்" என்றாள் புஷ்பம் தாழ்ந்த குரலில். "வேல ஒண்ணும் தெரியாது."

அரூஸ் ஏற்கெனவே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "தள்ளுங்க தங்கச்சி. நான் பாத்துக்கொள்றேன். நல்லாக் கிண்டி..."

"கிண்டாதீங்க."

குரல் அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது. சட்டிக்குள் தலையை விட்டுப் பேசியது போல.

"நீங்க இண்டைக்கு விருந்தாளி நானா. கிண்டினா கருகல் மேல வரும். கிண்டினதாலதான் முழுச் சட்டியும் கெட்டு என்ட கைக்கு வாற. கிண்டாத சட்டியில கருகல் ஒரு சாண்தான் ஈக்கும். விறகு கூடின பக்கம் கொஞ்சம் ஏறும். நான் கழுவுறவ, எனக்குத் தெரியும்."

அரூஸ் சுருட்டிய கையோடு, "அப்ப என்ன செய்யிற, செல்லுங்க" என்றார். அவர் பண்டாரி. சட்டிக்கு முன்னால் நேரம் கடத்தக் கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

நெருப்பை இழுத்துப் போட்டார்கள். மூடியை எடுத்தார்கள். ஜெஸீமா அகப்பையை விட்டுவிட்டு ஒரு தட்டையான பீங்கானை எடுத்துக்கொண்டாள். மேலிருந்து, மெதுவாக, பூப் பறிப்பது போல சோற்றை வழித்து வழித்து, புஷ்பம் பிடித்திருந்த குண்டுச் சட்டிக்கு மாற்றினாள். சோறு உதிர் உதிராக விழுந்தது. விறகு கூடிய பக்கத்துக்கு வந்தபோது முன்கூட்டியே நிறுத்தினாள். மேலே பாண் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி மூடினாள், வாடை ஏதும் இருந்தால் அது இழுத்துக்கொள்ளட்டும் என்று. அடியில் மீந்தது கறுத்து, சட்டியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

மின்ஹா ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். "உம்மா, நாடகத்துல அடிப்பிடிச்ச சோத்துக்குச் சுடுதண்ணி ஊத்தி ராஜாவே குடிச்சாரே. நாங்களும்..."

"ராஜாவுக்கு வேற வழி இல்லயாக்கும். அத மூடு."

சோறு பத்து சஹனுக்குக் காணாது. எட்டுக்குத்தான் வரும். ஜெஸீமா வாசல் திரைக்குப் பின்னால் நின்று றவூபைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் முகத்தில் முதலில் பயம் வந்தது, பிறகு ஏதோ கணக்கு வந்தது, கடைசியில் அவர் கூடத்தின் நடுவே போய் நின்றார்.

"இண்டைக்கு ஒரு சஹனுக்கு எட்டுப் பேர் இரிக்கோணும். என்ட மகள்ட சந்தோசத்துக்கு எல்லாரும் கொஞ்சம் நெருங்கி இருங்க."

"எட்டுப் பேரா? சஹனச் சுத்தியா, சஹனுக்குள்ளயா?" என்று யாரோ கேட்டார். சிரிப்பு எழுந்தது. ஆனால் நெருங்கினார்கள். முழங்காலோடு முழங்கால் இடித்தது. ஒருவர் கை நீட்டினால் மற்றவர் முழங்கையை மடக்க வேண்டும். இடமில்லாமல் பாதிப் பேர் பக்கவாட்டில் குந்தினார்கள். பெண்கள் பக்கமும் அப்படித்தான். மின்ஹாவின் தோழிகள் ஒருவர் மடியில் ஒருவர் போல இருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரே சோற்றுப் பார்சலை நாலு பேர் பிரித்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஜெஸீமா திரையின் இடுக்கால் முதல் சஹனைப் பார்த்தாள். அரூஸ் பிஸ்மி சொன்னார். சோற்றைத் தொட்டார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். வாயில் வைத்தார். மென்றார். கண்ணை மூடினார். இந்த மனிசன் எதற்குக் கண்ணை மூடுகிறார்? திறந்தார். அடுத்த பிடியை எடுத்தார், அதற்கடுத்ததையும் எடுத்தார். பக்கத்தில் இருந்தவர் அவருக்கு முன்னால் இருந்த கோழித் துண்டை இழுத்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

கூடத்தில் பேச்சு அடங்கிப்போயிருந்தது. விருந்தில் எப்போது பேச்சு அடங்கும் என்று ஜெஸீமாவுக்குத் தெரியாது. அவள் எப்போதும் பைப்படியில் இருந்தவள். புஷ்பம்தான் காதில் சொன்னாள். "பேசலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

மின்ஹா ஓடி வந்தாள். கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. "உம்மா, இண்டைக்கு இவ்வளவு சனம் வந்தும் ஒருத்தர்கூட வேல கிடைச்சதா எண்டு என்கிட்டக் கேக்கல்ல. எங்கட பக்கம் எல்லாரும் சோத்தப் பத்தித்தான் கதைக்கிறாங்க." அவள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள். பட்டத்தைக் கையில் வாங்கிய அன்றுகூட ஜெஸீமா அந்த முகத்தைக் கண்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து குரல் வந்தது. "மறுசோறு!"

முதல் சஹனிலிருந்து. அரூஸின் குரல். அவரைத் தொடர்ந்து இரண்டாம் சஹனிலிருந்து, அதன் பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும். றவூப் திரைக்கு வந்தார். நெற்றி வேர்த்திருந்தது. "மறுசோறு கேக்குறாங்க."

"இல்ல."

"ஒரு தட்டும் இல்லயா?"

"இல்ல. சட்டியக் கவுத்துக் காட்டுங்க."

அவர் உண்மையாகவே குண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தின் நடுவில் கவிழ்த்துக் காட்டினார். ஒரு பருக்கை விழவில்லை. சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து வந்தன. அரூஸ் சஹனில் மீந்திருந்த நெய்யை விரலால் வழித்துக்கொண்டே, "மறுசோறு இல்லாத விருந்து என்ன விருந்து? இத இன்னொரு நாளைக்கு முழுசா வைக்கோணும்" என்று உரக்கச் சொன்னார். "அண்டைக்கும் நான் விருந்தாளிதான்."

அப்போதுதான் ஜெஸீமாவுக்குப் பசித்தது. காலையில் குடித்த தேத்தண்ணீரோடு நின்றது ஞாபகம் வந்தது. எட்டு சஹனும் போய்விட்டன, தனக்கென்று எதையும் எடுத்துவைக்கவில்லை. பரவாயில்லை என்று அவள் நினைக்கத் தொடங்கும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து புஷ்பம் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க? வாங்க இங்க."

கடைசி சஹனைச் சுற்றி ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் தங்கள் தங்கள் பக்கத்தைத் தின்று முடித்திருந்தார்கள். எட்டாவது பக்கத்தில் மட்டும் சோறு கோடு கிழித்தது போல நின்றது, யாரும் அந்தப் பக்கம் கை நீட்டவில்லை. ஜெஸீமா கையைக் கழுவினாள். கரி முழுக்கப் போகவில்லை. இருவருக்கு நடுவே தன்னைத் திணித்துக்கொண்டு இருந்தாள். முதல் பிடியை எடுத்து வாயில் வைத்தாள். நெய், ஏலம், நன்றாக வெந்த அரிசி. வாடை இல்லை. நிதானமாக மென்றாள்.

"உப்புக் கொஞ்சம் கம்மி" என்றாள்.

"அது எங்களுக்கும் தெரியும். ஒங்கள யாரு கேட்டா?" என்று சொல்லி, புஷ்பம் தன் பக்கத்தில் ஒதுக்கி வைத்திருந்த கோழித் தொடையை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.